கார் ஏ.சி-யில் கூலிங் குறையுதா? கேஸ் நிரப்பும் முன் நீங்களே பார்க்கவேண்டிய 6 விஷயங்கள்!

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் கார் ஏ.சி மெக்கானிக்குகளுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. ஷெட்டுக்கு வெளியே வரிசையாக கார்கள் நிற்கும். பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடம் பதில் வந்துவிடும்: ‘‘கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்.’’ பணத்தைக் கட்டிவிட்டு குளுகுளுவென வீடு திரும்பினால், அடுத்த கோடையில் மறுபடி அதே ஷெட், அதே பதில். பல குடும்பங்களில் இது வருடாந்தரச் சடங்காகவே ஆகிவிட்டது.

ஆனால், ஏ.சி கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ரப்பர் ஹோஸ், சீல் வழியாக பல ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஆண்டுதோறும் தீர்ந்துபோகிறது என்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, பஞ்சரான டயருக்குக் காற்று மட்டும் அடிப்பது போலத்தான்!

இன்னொரு பக்கம், கூலிங் குறைந்தாலே கேஸ் பிரச்னைதான் என்றும் சொல்லிவிட முடியாது. அடைத்துக்கொண்ட ஃபில்டர், எரிந்துபோன ஃப்யூஸ் போன்ற சின்னக் காரணங்களும் இருக்கலாம். இவற்றை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

ஏ.சி எப்படி வேலை செய்கிறது?

இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸர், அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு, கேஸைத் திரவமாக்குகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரம் வழியாக, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் பாய்ந்து, மறுபடி கேஸாக மாறுகிறது. அப்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ப்ளோயர் ஃபேன், அந்தக் காயில் வழியாகக் காற்றை உள்ளே தள்ளுகிறது. அதுதான் முகத்தில் படும் ஜில் காற்று.

ஆக, முதல் கேள்வி இதுதான்: காற்று வருவதே குறைவா? காற்று நன்றாக வந்தும் குளிர்ச்சி இல்லையா? முதலாவது என்றால் ஃபில்டர், ப்ளோயர் பக்கம் பாருங்கள். இரண்டாவது என்றால் பானெட்டைத் திறக்கவேண்டும்.

1. ஏ.சி ஃபில்டர்

பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். எப்படிக் கழற்றுவது என்று காரின் கையேட்டிலேயே படம் போட்டிருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர்கூட பல கார்களில் தேவைப்படாது. தூசி, காய்ந்த இலை, முடி என்று அடைந்துகிடந்தால், தட்டிச் சுத்தம் செய்வதைவிடப் புதிது போடுவதே நல்லது. பக்கவாட்டில் இருக்கும் அம்புக்குறி, காற்று போகும் திசையைக் காட்டும். அதைத் தலைகீழாகப் போட்டுவிடக் கூடாது. பழைய மாடல் சிலவற்றில் இந்த ஃபில்டரே இருக்காது.

2. ப்ளோயர்

நாப் வைத்த ஏ.சி-யில் 1, 2, 3-ல் காற்றே வராமல் 4-ல் மட்டும் வேகமாக வருகிறதா? ப்ளோயரின் ரெசிஸ்டர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இது சின்ன பாகம்தான். இதைத் தெரிந்துகொண்டு ஷெட்டுக்குப் போனால், மோட்டாரையே மாற்றவேண்டும் என்று யாராவது சொல்லும்போது காரணம் கேட்கலாம்.

3. கண்டென்ஸர்

முன்பக்க கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, சேறு, பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருந்தால் சூடு வெளியே போகாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாதாரண தோட்டத்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் பிரஷரில் நேராக அடித்தால், அதன் மெல்லிய தகடுகள் மடங்கி, இருக்கும் காற்றோட்டமும் போய்விடும்.

4. கண்டென்ஸர் ஃபேன்

ஹைவேயில் போகும்போது ஜில்லென்று இருக்கிறது. சிக்னலில் நின்றால் வெந்நீர் காற்று வருகிறது. இப்படி இருந்தால் முதல் சந்தேகம் இந்த ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்யவேண்டும். காரை நிறுத்தி, ஏ.சி-யைப் போட்டுச் சற்று காத்திருங்கள். ஃபேன் சுற்றவே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கவேண்டும்.

5. கம்ப்ரஸர்

ஏ.சி பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கம்ப்ரஸர் புல்லியின் முன்பக்கத் தகடு அப்போது சேர்ந்து சுற்றத் தொடங்கும். புல்லி மட்டும் சுற்றி, தகடு நின்றபடியே இருந்தால் கம்ப்ரஸர் வேலை செய்யவில்லை. க்ளட்ச் இல்லாத கம்ப்ரஸர் கொண்ட கார்களில் மட்டும் இந்தச் சத்தம் இருக்காது.

அடுத்து ஃப்யூஸ் பாக்ஸ். இன்ஜினை அணைத்துவிட்டு, மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்து ஏ.சி ஃப்யூஸை எடுங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால், அதே ஆம்பியரில் புதிது போடவேண்டும். அதுவும் உடனே எரிந்தால் வயரிங்கில் கோளாறு. பெரிய ஃப்யூஸைப் போட்டுச் சமாளிப்பது தீப்பிடிக்க வழிவிடும். ஒரே எண் உள்ள வேறொரு ரிலே, உதாரணமாக ஹாரன் ரிலே, இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

ஃப்யூஸும் ரிலேவும் சரி, ஆனாலும் கம்ப்ரஸர் ஓடவில்லையா? கேஸ் மிகவும் குறைந்துவிட்டால், பிரஷர் ஸ்விட்ச் தானாகவே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கேஸோடு சேர்ந்து சுற்றும் ஆயில்தான் கம்ப்ரஸருக்கு உயிர். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிடும். எனவே, அந்த ஸ்விட்ச்சை வயர் போட்டு ‘டைரக்ட்’ செய்யும் வேலை வேண்டவே வேண்டாம்.

6. எண்ணெய்க் கறையும் தண்ணீரும்

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கசியும் இடத்தில் ஆயிலையும் கொஞ்சம் விட்டுப்போகும். குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்கம், கண்டென்ஸர் ஆகியவற்றில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தால், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயம் வேண்டாம். காயிலில் படியும் ஈரம்தான் அது. அதே தண்ணீர் காருக்குள் மேட்டை நனைத்தால், டிரெய்ன் பைப் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும். வீடு சேர இரண்டு நிமிடம் இருக்கும்போதே ஏ.சி-யை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயில் காயும், நாற்றமும் குறையும்.

கை வைக்கும் முன் கவனம்!

இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, புடவைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன், இன்ஜினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றலாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார் என்றால் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது உயர் மின்னழுத்தம்.

கேஸ் நிரப்புவதை மட்டும் ஏன் வீட்டில் செய்யக் கூடாது?

கேஸ் கேனும் ஹோஸும் ஆன்லைனில் கிடைக்கின்றன. வீடியோவில் பார்க்கும்போது ஐந்து நிமிட வேலை போலவே தெரியும். ஆனால், பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. திரவமாகத் தெறித்தால் தோல் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேனைத் தவறுதலாக உயர் அழுத்தப் பக்கத்தில் மாட்டினால் கேனே வெடிக்கலாம். புது மாடல் சிலவற்றில் வரும் ஆர்-1234ஒய்எஃப் ஓரளவு தீப்பற்றக்கூடியது. இரண்டையும் மாற்றியோ கலந்தோ போடக் கூடாது.

அளவும் முக்கியம். சிறிய கார்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான். அதிகமாகிவிட்டால் கூலிங் கூடாது, குறையும். கம்ப்ரஸருக்கும் சுமை ஏறும். உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சாமல் நிரப்பினால், அந்த ஈரம் உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். போதாக்குறைக்கு, காற்றில் கலந்த ஆர்-134ஏ ஒரு கிலோ, கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். நம் காரைக் குளிர்விக்கப் போய் ஊரைச் சூடாக்கலாமா?

மெக்கானிக்கிடம் கேட்கவேண்டியவை

* கேஸ் போடும் முன் லீக் டெஸ்ட் செய்தீர்களா? கசிவு எந்த இடத்தில்?
* வேக்குவம் எத்தனை நிமிடம் போடுவீர்கள்? (அரை மணி நேரமாவது தேவை.)
* எத்தனை கிராம் கேஸ்? (பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் அளவும் இருக்கும். ஒப்பிட்டுப் பாருங்கள்.)
* மாற்றிய பழைய பாகத்தைத் தருவீர்களா? பில்லில் அதன் பெயர் இருக்குமா?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கசிவு இருக்கும் இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுவார். ‘‘அதெல்லாம் எதுக்கு சார், கேஸ் போட்டா சரியாயிடும்’’ என்று பதில் வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த ஷெட்டைப் பார்ப்பது நல்லது.