ஆக்கியவர் பெயரும் ஆசிரியர் பெயரும்

ஆய்வேடு ஒன்றின் மின்கோப்பில் 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் மாணவியின் பெயர் இல்லை. வேறொரு பெயர் இருந்தது. அதை மட்டுமே சான்றாகக் கொண்டு, அது இரவல் எழுத்து என்று தீர்ப்பெழுதச் சிலர் துணிந்தனர். அப்பெயர் அதைத் தட்டச்சு செய்து தந்த டி.டி.பி. கடைக்காரருடையது என்று நிறுவுவதற்குள் ஒரு பட்டமே கைநழுவப் பார்த்தது. இந்த அறியாமையை நாம் இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்தால் உள்ளே சிறியதொரு எக்ஸ்எம்எல் கோப்பு கிடைக்கும். ஆக்கியவர், கடைசியாகத் திருத்தியவர், உருவான நாள், திருத்திய நாள் ஆகிய மெட்டாடேட்டா யாவும் அதில் வெறும் எழுத்துகளாகவே இருக்கின்றன. கணினியின் வேர்டு மென்பொருளில் எவர் பெயர் பதிந்திருக்கிறதோ அப்பெயரை அது தானே நிரப்பிக்கொள்கிறது. பைதான் மொழிக்கான பைதான்-டாக்எக்ஸ் என்னும் நிரல் நூலகம் இவற்றைப் படிக்கும், எழுதவும் செய்யும். கோப்பைத் திறக்க ஒரு வரி, பெயரை மாற்ற ஒரு வரி, சேமிக்க ஒரு வரி. நாளையும் இவ்வாறே மாற்றலாம். அந்நூலகத்தால் புதிய கோப்பொன்றை உருவாக்கினால், நாம் மாற்றாதவரை, ஆசிரியர் பெயர் 'பைதான்-டாக்எக்ஸ்' என்றே இருக்கும். அதில் கவிதை எழுதிவைத்தால் கவிஞர் யார்?

மெட்டாடேட்டா உண்மையைக் காட்டிக்கொடுத்ததில்லையா என்று கேட்பார்கள். உண்டு. 2003 பிப்ரவரியில் ஈராக் குறித்துப் பிரிட்டன் அரசு வெளியிட்ட அறிக்கையின் வேர்டு கோப்பு, அதைக் கையாண்டவர்களின் பெயர்களை வெளிப்படுத்தியது. ஆனால் அறிக்கையின் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷியின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அம்பலப்படுத்தியவர் கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் கிளென் ரங்வாலா. மூலத்தின் பிழைகள்கூட அறிக்கையில் அப்படியே இருந்தன. கையாண்டவர் எவர் என்பதைக் கோப்பு சொன்னது. களவு நடந்ததைச் சொன்னது பனுவல் ஒப்பீடு.

பிழைகளை ஒப்பிட்டுச் சுவடிகளின் உறவை அறியும் கலை தமிழ் கற்ற நமக்குப் புதிதன்று. ஏட்டைப் பெயர்த்தெழுதியவரை நூலாசிரியர் என்று நாம் மயங்குவதில்லை. ஓலைக்குக் காட்டும் அந்த நிதானத்தைக் கோப்புக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

மெட்டாடேட்டாவைப் படிப்போம், ஒரு துப்பாக. தீர்ப்பு வழங்குமுன் ஆய்வேட்டையும் படிப்போம். எழுதியவரை எதிரே அமர்த்திக் கேள்வியும் கேட்போம். அந்த உழைப்புக்கு மனமில்லாதவர்கள் பிறரைக் களவாளி என்று அழைக்கத் தகுதியற்றவர்கள்.