கேட்க ஆளில்லாதவரின் கட்டிலில் இருந்து அளந்து பாருங்கள்

ஒரு முதியோர் இல்லம் நல்ல இல்லமா இல்லையா என்பதை யார் சொல்ல வேண்டும்? இப்போது மூன்று பேர் சொல்கிறார்கள். இல்லத்தை நடத்துகிறவர் சொல்கிறார். பிறந்தநாளுக்கு ஒருவேளைச் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற நன்கொடையாளர் சொல்கிறார். எப்போதாவது வந்து கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் அதிகாரி சொல்கிறார். கட்டிலில் கிடக்கிறவரை யாரும் கேட்பதில்லை. அந்தக் கட்டிலுக்கடியில் மலம் துடைக்கிற பெண்ணையும் யாரும் கேட்பதில்லை. மரக்காணம் உப்பளக் கரையில் இருந்து நாங்கள் கேட்பது இதைத்தான்: இவர்கள் இருவரையும் கேட்காமல் நீங்கள் கொடுக்கும் நற்சான்றிதழுக்கு என்ன மதிப்பு?

"உப்பளத்துக் கூலிகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும் என்ன சம்பந்தம்? அது நகரத்துப் பிள்ளைகள் அப்பா அம்மாவைக் கொண்டுபோய் விடுகிற இடம்" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

மழை முடிந்து தை மாதத்தில் பாத்தி சீர்செய்யத் தொடங்கினால், ஐப்பசியில் மழை பிடிக்கும் வரைதான் இங்கே வேலை. அந்த மாதங்கள் முழுக்க உப்புத் தண்ணீரில் கால், வெள்ளை வெளேரென்ற பாத்தியில் எதிரடிக்கும் வெயிலில் கண், தலையில் உப்புக் கூடை. ஐம்பது வயதுக்குள் கண் மங்குகிறது, பாதம் வெடிக்கிறது, முதுகு வளைகிறது. வேலை செய்த காலத்துக்கு வைப்பு நிதி கிடையாது, பணிக்கொடை கிடையாது. முதுமையில் மிஞ்சுவது அரசின் உதவித்தொகை. 2023இல் அதை மாதம் 1,000 ரூபாயில் இருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 40 ரூபாய். இதில் 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு மாதத்துக்கு 200 ரூபாய்தான்.

பிள்ளைகள் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கட்டட வேலைக்குப் போய்விடுகிறார்கள். பக்கவாதம் வந்து ஒருவர் விழுந்தால் மரக்காணம் அரசு மருத்துவமனை, அங்கிருந்து திண்டிவனம், அங்கிருந்து முண்டியம்பாக்கம் அல்லது ஜிப்மர். ஒரு வாரத்தில் "வீட்டுல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் ஒரு கூலி போகும், ஒரு கூலி போனால் அடுப்பு எரியாது. அந்த நேரத்தில்தான் யாராவது சொல்வார்கள்: "ஒரு ஆசிரமம் இருக்கு, காசு வாங்காம பாத்துக்குவாங்க." காசு வாங்காத இடத்தில் கேள்வி கேட்க யாருக்குத் தைரியம் வரும்? ஏழைக்கு அமையும் காப்பகத்தில் முதலில் செத்துப்போவது கேள்விதான்.

கேள்வி செத்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இருந்தது அன்பு ஜோதி ஆசிரமம். ஆதரவற்றவர்களையும் முதியவர்களையும் மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் அங்கே வைத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அது திறந்து பார்க்கப்பட்டபோது 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லை, அடைத்தும் கட்டியும் வைத்தார்கள், பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை என்று அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டுகள் வந்தன. நிர்வாகியும் மற்றவர்களும் கைது செய்யப்பட்டார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எங்கள் கேள்வி வேறு. அந்தக் கதவைத் திறந்தது யார்?

எந்தத் துறையின் ஆய்வும் திறக்கவில்லை. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வைத்தார். அதற்குப் பிறகுதான் காவல்துறை உள்ளே போனது. அந்த ஒரு மனிதருக்குக் கேட்க ஆள் இருந்தது. மற்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இல்லை. எங்கள் உப்பளத்துக் கிழவி ஒருத்தி அங்கே காணாமல் போயிருந்தால் யார் உயர் நீதிமன்றம் போயிருப்பார்கள்?

அதற்கு ஐந்து ஆண்டுக்கு முன், 2018 பிப்ரவரியில், பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலேஸ்வரம் செயின்ட் ஜோசப் கருணை இல்லத்தின் வண்டி ஒன்று பிடிபட்டது. காய்கறி மூட்டைகளோடு ஒரு பிணம், அதோடு உயிருள்ள முதியவர்கள் இருவர். உள்ளே இருந்த மூதாட்டி போட்ட கூச்சலைக் கேட்டு மக்கள் வண்டியை மறித்தார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் வரிசையாக அந்த இல்லத்துக்குப் போனார்கள். அங்கும் கண்காணிப்பு முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது ஒரு மூதாட்டியின் தொண்டை.

இது நம் நாட்டு அலட்சியம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2008இல் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு கொண்டுவந்தார்கள். எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கை அந்த இல்லங்களே எழுதிக் கொடுத்தன, நட்சத்திரங்களும் விழுந்தன. அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று விமர்சனம் எழுந்த பிறகு, 2018இல்தான் சம்பளப் பட்டியலில் இருந்து ஊழியர் எண்ணிக்கையை எடுக்கும் முறைக்கு மாறினார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவன் எந்த நாட்டில் தோற்பான்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவின்படி, தன் பொறுப்பில் உள்ள முதியவரை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுச்செல்கிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைக்குச் சட்டம் இவ்வளவு கறார். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு அரசைப் பற்றிப் பேசுகிறது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற முதியவர் 150 பேராவது தங்கும்படி, முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம். அந்த இல்லங்களுக்கான தரத்தையும் வகுக்கலாம். பிள்ளைக்கு 'வேண்டும்', அரசுக்கு 'லாம்'. கூலிக்காரன் கைவிட்டால் குற்றம், அரசு கைவிட்டால் நிதி நிலைமை. 2018 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற கணக்கை மாநிலங்களிடம் இருந்து வாங்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து பதினொரு ஆண்டு கழித்து எண்ணிக்கையையே கேட்க வேண்டியிருந்தது என்றால், தரத்தை யார் எண்ணினார்கள்?

சுவருக்கு என்ன வண்ணம், வாசலில் எத்தனை பூந்தொட்டி, பிரார்த்தனைக் கூடத்தில் எத்தனை மின்விசிறி என்று பார்ப்பதை நிறுத்துங்கள். நாங்கள் சொல்லும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்தீர்களா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர் பாடத்தின் அரிச்சுவடி. படுக்கைப்புண் பொய் சொல்லாது.

இரண்டு: இரவில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? முப்பது பேர் படுக்கையில், ஒரு ஆயாம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் 120 முறை புரட்ட வேண்டும். ஒருமுறைக்கு நான்கு நிமிடம், மூச்சு விட நேரமில்லை. இதில் தண்ணீர் கொடுப்பது எப்போது, துணி மாற்றுவது எப்போது?

மூன்று: வந்தவர் எத்தனை பேர், போனவர் எங்கே போனார், இறந்தவருக்குச் சான்று கொடுத்த மருத்துவர் யார்? பதிவேட்டில் உள்ள பெயர்களைக் கூப்பிட்டு, ஆள் எழுந்து பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். குண்டலப்புலியூரில் இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலே போதும்.

நான்கு: யாரையாவது கட்டி வைக்கிறார்களா? மனநலம் பாதிக்கப்பட்டவரை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பகலெல்லாம் எல்லாரும் தூங்கி வழிந்தால் "அமைதியான இல்லம்" என்று எழுதிவிட்டு வராதீர்கள். என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.

ஐந்து: யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் மலம் அள்ளுகிறார்கள்? சாதி அறுபது வயதில் ஓய்வு பெறுவதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்ததைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "இங்கே சாதி பார்ப்பதில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. பந்தியில் காட்டுங்கள், கட்டில் வரிசையில் காட்டுங்கள், தண்ணீர்க் குவளையில் காட்டுங்கள்.

ஐந்தாவது கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. துடைப்பதும் கழுவுவதும் அள்ளுவதும் யார் தலையில் விழும் என்று இந்த நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் பெண்கள்தான். கையுறை இல்லாமல், பயிற்சி இல்லாமல், குறைந்தபட்சக் கூலி இல்லாமல் ஒரு பெண்ணை வேலை வாங்குகிற இடத்தில் முதியவருக்கு மட்டும் மரியாதை கிடைக்கும் என்று நம்புகிறீர்களா? பராமரிப்பின் தரமும் பராமரிக்கிறவரின் கூலியும் ஒரே கணக்கு. ஆயாம்மாவின் சம்பளச் சீட்டைப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வு.

"சேவை செய்கிறவர்களை இப்படிக் குடைந்தால் நாளைக்கு யார் முன்வருவார்கள்?" என்று கேட்பார்கள். நல்ல மனத்தோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர் கதவைத் திறந்து வைக்க ஏன் பயப்பட வேண்டும்? கேள்வி கேட்டால் ஓடிவிடுகிற சேவை, ஓடட்டும். அந்த இடத்தில் அரசு வந்து நிற்க வேண்டும்.

"பெற்ற பிள்ளைகளே பார்க்காதபோது மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?" என்றும் கேட்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அந்த ஆள் தன் தாயை விட்டுவிட்டுத்தான் உங்கள் தாயைக் கழுவ வருகிறாள். பாசம் எங்களுக்கும் உண்டு. கூலியோடு கூடிய விடுப்பு எங்களுக்கு இல்லை.

நாங்கள் கேட்பது இவை. 19ஆம் பிரிவில் உள்ள 'அமைக்கலாம்' என்பதை 'அமைக்க வேண்டும்' என்று திருத்துங்கள். திருத்தும் வரை காத்திராமல், மரக்காணம் வட்டத்தில் முதியோருக்கு ஒரு அரசுப் பராமரிப்பு இல்லத்தைத் திறங்கள், செவிலியரோடு. தனியார் நடத்தினாலும் அரசு நடத்தினாலும் சொல்லாமல் போய்ப் பார்க்கும் உரிமை பெற்ற குழு ஒன்று ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கட்டும். அதில் உப்பளத் தொழிலாளர்களும் தலித் பெண்களும் இடம்பெற வேண்டும், நன்கொடையாளர்களுக்கு இடம் கூடாது. நூறு நாள் வேலையில் மண்வெட்டிக் கணக்கைச் சமூகத் தணிக்கை செய்ய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு கிராம சபைக்கு அதிகாரம் கொடுத்தது. வெட்டிய மண்ணைத் தணிக்கை செய்யத் தெரிந்த மக்களுக்குப் புரண்டு படுக்க முடியாத உடம்பைத் தணிக்கை செய்யத் தெரியாதா? அந்தக் குழு எழுதும் அறிக்கை இல்லத்தின் வாசலிலேயே, எல்லாரும் படிக்கும் தமிழில், ஒட்டப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள இல்லத்துக்கு அன்னதானம் செய்யப் போனால், பரிமாறி முடித்ததும் படம் எடுக்காமல் கடைசி அறைக்குப் போங்கள். பார்க்க யாரும் வராதவர் யார் என்று கேட்டு, அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள், முதுகைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி இல்லை என்று யாராவது தடுத்தால், மாவட்ட ஆட்சியருக்கு அன்றைக்கே மனு எழுதுங்கள்.

ஜெய்பீம்.