பூச்சுக்கு முன் விரிசலை அடைப்போம்

பருவமழைக்கு முன் நம் நாட்டுத் தார்ச் சாலைகள் பலவற்றிற்கு மேற்பூச்சு இடப்படுகிறது. சாலை புதிதாய்ப் பொலியும். ஆயினும், விரிசலை அடைக்காமல் இட்ட பூச்சு நோயை மறைக்கும் போர்வையேயன்றி மருந்தன்று. மயிரிழை வெடிப்பைப் பூச்சே மூடிவிடும். அகன்ற விரிசலோ வண்டிப் பளுவாலும் வெப்ப மாற்றத்தாலும் அசைந்து, சில மில்லிமீட்டர் கனமே உள்ள பூச்சைப் பிளந்துவிடும். அவ்வழியே இறங்கும் நீர் அடிமண்ணை இளக்கும், குழி விழும்.

செய்யவேண்டுவது அரிதன்று. 3 மி.மீ.க்கு மேல் அகன்ற விரிசலில் மண்ணையும் புல்லையும் அகற்றி, காற்றால் ஊதித் தூய்மை செய்து, உருக்கிய தாரையோ பிட்டுமன் எமல்ஷனையோ நிரப்பி, நுண்மணல் தூவ வேண்டும். முதலைத் தோல்போல் வெடித்த இடத்தில் பெரும்பாலும் அடித்தளமே நலிந்திருக்கும். அதனை வெட்டியெடுத்துப் புதிதாய் இட்டு இறுக்குவதே முறை.

பூசிய பரப்பை மட்டும் அளந்து வேலையை மதிப்பிடலாகாது. அடைத்த விரிசலின் நீளமும் அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். அதன் பின்னரே பூச்சுக்கு அனுமதி தருதல் நன்று. ஆசிரியர்களும், மழை ஓய்ந்து சாலை உலர்ந்த பின்னும் விரிசலோரம் ஈரம் நிற்பதை மாணவருக்குக் காட்டலாம். நீர் புகுந்த வழியை அதுவே உரைக்கும்.