சேலையிலே சோலை! வீதியிலே?

மாங்காய் கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது, மயில் தோகை விரிக்கிறது, கொடி படர்கிறது, மலர் சிரிக்கிறது! எங்கே? ஆரணியிலே! ஆரணியின் தெருவிலே அல்ல, தோழர்களே. ஆரணி நெசவாளர் நெய்து தரும் பட்டுச் சேலையின் கரையிலே, முந்தானையிலே! குழித்தறியில் காலை இறக்கி, முதுகை வளைத்து, விளக்கொளியில் இழையைத் தேடித்தேடிச் சோலையை நெய்கிறார் அவர். நெய்து முடித்து, நிமிர்ந்து, இரண்டடி நடந்து, மரநிழலில் அரைமணி நேரம் அமர்ந்து மூச்சுவிட விரும்பினால் அவர் செல்ல வேண்டிய இடம் எது? சோலையை நெய்பவருக்குச் சோலை இல்லையென்றால், அது விதியா? இல்லை! வரவு செலவுத் திட்டத்தில் விடுபட்ட வரி!

"குடிநீர்க் குழாய்க்கே பணம் போதவில்லை, சாக்கடை அள்ளவே ஆள் போதவில்லை, இந்த இலட்சணத்தில் பூங்காவா? அது பணக்காரர் பொழுதுபோக்கு அல்லவா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயம்போல் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் நேர்மாறு விளங்கும்.

பணக்காரருக்குப் பொதுப் பூங்கா எதற்கு? மாளிகையைச் சுற்றித் தோட்டம். கோடை வந்தால் குளிர்மலைப் பயணம். நெசவாளர் வீடு எப்படிப்பட்டது? முன்கூடத்தைத் தறி விழுங்கிவிட்டது. மீதியிலே அடுப்பு, ராட்டை, தார் சுற்றும் பெண்கள், பாயில் முதியவர். பிள்ளை ஓடவேண்டுமென்றால் தெருவுக்கு ஓடவேண்டும். தெருவிலோ வண்டி பறக்கிறது. தனக்கென்று தோட்டம் இல்லாதவருக்கே ஊருக்கென்று தோட்டம் வேண்டும். பூங்காவை ஆடம்பரம் என்பவர், ஏழையின் ஒரே தோட்டத்தை ஏழையின் பெயராலேயே பறிக்கிறார்!

நெசவூருக்கு வேறொரு காரணமும் உண்டு. பாவை நீளமாய் நீட்டிக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி தோய்த்து உலர்த்த, நீண்ட வெளி வேண்டும், இளவெயில் வேண்டும், நிழல் வேண்டும். அந்தப் பணி நெடுங்காலமாகத் தெருவிலேதான் நடந்தது. நெசவூரில் திறந்தவெளி என்பது ஓய்விடம் மட்டுமல்ல, தொழிற்கருவியும் ஆகும். தறிக்குக் கடன் தரும் அரசு, பாவுக்கு வெளி தரவேண்டாமா?

கடல் கடந்தும் பட்டு நெய்தவர் உண்டு. நம்மவரைப்போலவே இடுக்கில் வாழ்ந்தவர் உண்டு. கிழக்கு லண்டனில், பெத்னல் கிரீன், ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதிகள் பட்டு நெசவாளர் நிறைந்த பகுதிகள். அங்கே சாவு மிகுந்திருப்பதை 1839-ல் வில்லியம் பார் என்னும் புள்ளியியல் அறிஞர் எடுத்துக் காட்டினார். பூங்கா ஒன்று அமைத்தால் உயிர்கள் பிழைக்கும் என்றார். 1840-ல் முப்பதாயிரம் பேர் கையெழுத்திட்டு அரசியிடம் மனு அளித்தனர். 1845-ல் விக்டோரியா பூங்கா திறக்கப்பட்டது. பணம் எங்கிருந்து வந்தது? யார்க் ஹவுஸ் என்னும் மாளிகையை விற்றுக் கிடைத்த 72 ஆயிரம் பவுனிலிருந்து! மாளிகை போயிற்று, மக்களுக்கு மரநிழல் வந்தது. மனமிருந்தது, மார்க்கமும் இருந்தது.

"அது லண்டன்" என்பீரோ? நம் வீட்டுக் கதையையும் கேளுங்கள். நீதிக்கட்சி ஆட்சி நடந்த 1920களில் சென்னையிலே தியாகராய நகர் எழுந்தது. ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் அது என்னும் குறையை மறைக்க வேண்டாம். எனினும், வீதிகள் வந்து கூடும் நடுவிடத்தை அவர்கள் கடைக்கு விற்கவில்லை, பூங்காவுக்கு ஒதுக்கினர். இன்று அங்காடி இரைச்சலின் நடுவே பனகல் பூங்கா நிற்கிறதென்றால், வரைபடம் தீட்டும்போதே அதற்கு இடம் எழுதப்பட்டதே காரணம். எழுதியது நின்றது!

"சட்டம் இல்லையே" என்று தப்பவும் வழியில்லை. 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் இம்மாநிலத்தில் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் வெளிகளையும் வரைபடத்தோடு பட்டியலிட்டு அரசுக்கு அனுப்பவேண்டும். ஒப்புதல் பெற்ற பட்டியலில் உள்ள இடத்தை, அரசின் முன் அனுமதியின்றி வேறு பணிக்குத் திருப்பக்கூடாது என்பது அதன் சாரம். 1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தமோ, பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகியவற்றை நகராட்சிக்குரிய பணிகளில் ஒன்றாகவே பன்னிரண்டாம் அட்டவணையில் குறித்தது. ஆகவே பூங்கா கேட்பது பிச்சையல்ல, கணக்குக் கேட்பது!

"நிலம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. வயல் மனையாகும்போது நிலம் பிறக்கிறது! 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைபோக எஞ்சிய பரப்பில் பத்து விழுக்காடு பொதுவெளிக்கு உரியது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதை நிலமாகவே தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அதற்குக் குறைந்தால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டலாம். 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறுவது இது. அந்த நிலத்துக்கு வேலி உண்டா? அந்தப் பணம் எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில்? பத்திரம் பெட்டியில் உறங்க, நிலத்தை ஆக்கிரமிப்பு அணைத்துக்கொண்டால், தானம் பெற்றவர் யார், ஊரா? ஊரை ஏய்ப்பவரா?

பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்தபோது, பெங்களூரில் அக்கம்பக்கத்துக் குடிமக்கள் வழக்காடினர். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. மருத்துவமனை நல்லதுதான், ஆனால் ஊர் மூச்சுவிடும் இடம் அதற்கு விலையல்ல என்பதே அத்தீர்ப்பு தரும் பாடம்.

இனிக் கணக்குக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி ஆரணி நகரின் மக்கள் 63 ஆயிரத்துக்கு மேல். தலைக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டுமென்கிறது மைய அரசு 2014-ல் வெளியிட்ட நகரமைப்பு நெறிமுறை. தலைக்குப் பத்து என்று வைத்தாலும் ஏறத்தாழ 155 ஏக்கர் ஆகிறது! ஒரே நாளில் வாராது, அறிவோம். எனினும் தொலைவு தெரிந்தால்தான் நடைக்கு வேகம் வரும். இருக்கும் கோட்டை மைதானத்தையும், கமண்டல நாகநதிக் கரையையும், புதிய மனைப்பிரிவுகளின் பத்து விழுக்காட்டையும் கூட்டிப் பார்த்து, குறைவது எவ்வளவென்று ஆண்டுதோறும் மன்றத்தில் சொல்லவேண்டாமா? 1751-ல் கிளைவின் படை போரிட ஆரணியில் வெளி இருந்தது. இன்று குழந்தை பந்தாட வெளி வேண்டும் என்றால் மட்டும் நாம் கைவிரிப்பதா?

கட்டியபின் நடக்கும் கூத்து ஒன்றுண்டு; எந்த ஊருக்கும் பொருந்தும். முதலாண்டு திறப்பு விழா: கல்வெட்டு, மாலை, ஊற்று, ஊஞ்சல்! இரண்டாமாண்டு ஊஞ்சலின் சங்கிலி அறும். மூன்றாமாண்டு செடி காயும், கதவுக்குப் பூட்டு. நான்காமாண்டு உள்ளே குப்பை. ஐந்தாமாண்டு, "யாரும் வருவதில்லையே, கடை கட்டலாமே!" என்று தீர்மானம். ஏன்? கல்வெட்டுக்குப் பணம் எழுதினர், காவலாளுக்கு எழுதவில்லை. ஊற்றுக்கு எழுதினர்; தண்ணீருக்கு எழுதவில்லை. கட்டுவது ஒருமுறைச் செலவு. காப்பது ஆண்டுச் செலவு. ஆண்டுச் செலவை எழுதாத பூங்கா, பிறக்கும்போதே சாகக் குறித்த பிள்ளை!

ஆகவே கேட்பது நான்கே. பொதுவெளிப் பட்டியல், பரப்போடும் எல்லையோடும், நகராட்சி அலுவலக வாயிலில் தொங்கட்டும். நிலத்துக்கு ஈடாக வந்த பணம், தனிக் கணக்கில் நின்று, நிலம் வாங்கவே செல்லட்டும். காவல், நீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகியவற்றின் ஆண்டுச் செலவை எழுதிய பின்னரே புதிய அடிக்கல் நடட்டும். முதல் பூங்கா, பெரியோர் வீட்டெதிரில் அல்ல, தறியோசை கேட்கும் தெருவருகே, பாவு நீட்ட நிழற்சாலையோடு அமையட்டும்.

இவற்றைக் கேட்க மன்றமும் இருக்கிறது. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் 2022-ல் தொடங்கப்பட்டன. வரவு செலவுத் திட்டம் வகுக்குமுன், தறியை ஒரு நாழிகை நிறுத்தி, அங்கே சென்று கேளுங்கள், தோழர்களே! ஒரே ஓர் இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கும் கண் உங்களுடையது. ஊரின் கணக்கிலே அறுந்து கிடக்கும் இழையை அந்தக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க யாரால் முடியும்?