கேட்போரின் பாரத்தைக் கேட்பவர் யார்?

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009இல் போர் ஓய்ந்த பின்னும், வடக்கிலும் கிழக்கிலும் நம்மவர் பலர் உளவளத்துணைப் பயிற்சி பெற்றனர். காணாமற்போன மகனைத் தேடும் தாயின் கதையைப் பொறுமையுடன் கேட்பது அவர்தம் தொழில். ஆனால், கேட்போரும் இடம்பெயர்ந்தவரே, உற்றாரைப் பறிகொடுத்தவரே. பிறர் துயரைக் கேட்குந்தோறும் சொந்தத் துயரும் கிளர்ந்தெழுகின்றது; நித்திரை குலைகின்றது.

இப்பாரத்தை இறக்கிவைப்பதற்கும் உரிய இடமே மேற்பார்வை. பல இடங்களில் அங்கே நடப்பது யாது? எத்தனை பேரைச் சந்தித்தீர், படிவம் நிரப்பினீரா என்னும் கணக்கெடுப்பு! மேற்பார்வையாளரை மட்டும் நோவதிற் பயனில்லை. அவரும் அதே அழிவைக் கண்டவர். அவர் சொல்வதைக் கேட்பாருமில்லை.

உழவுமாட்டை நண்பகலில் நுகத்தினின்றும் அவிழ்த்துவிட வேண்டுமெனக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கந்தோரில் அமர்ந்து திட்டம் வகுப்போர்க்கே அது தெரியவில்லை. மேற்பார்வை நேரத்தை ஊதியமுள்ள வேலை நேரமாக அவர்கள் எழுதிவைத்தல் வேண்டும். அன்றியும், புள்ளியிடுபவர் ஒருவராகவும் மனச்சுமையைக் கேட்பவர் வேறொருவராகவும் இருத்தல் வேண்டும். தம் சான்றிதழைக் கையில் வைத்திருப்பவரிடம், “என்னால் இயலவில்லை” என்று வாய்திறக்க எந்தப் பயிலுநர் துணிவார்?