தாலிக்கு முன் ஒரு சொல்

"பசியே இல்லாதவர்களுக்காக ஒரு பந்தியா?" — கரையான்சாவடியில் நம் கல்லூரி மாணவர் படிப்பு வட்டத்தில் 'பாலீர்ப்பின்மை' பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவித்ததும், நம்மவர் சிலர் எழுப்பிய கேள்வி இது. சாதி சாகவில்லை; ஆணவக் கொலை நிற்கவில்லை; சோதிடன் கடையில் கூட்டம் குறையவில்லை. இத்தனை பணி கிடக்க, இது எதற்கு என்கின்றனர். இதுவும் அதே பணிதான், தோழர்களே! விரும்பாத ஒருவரை, ஊரும் உறவும் கூடி மணமேடைக்கு இழுத்துச் செல்வது அடிமைத்தனம் அல்லவென்றால், வேறு எது அடிமைத்தனம்?

பாலீர்ப்பின்மை என்பது என்ன? ஆணிடமோ பெண்ணிடமோ, எவரிடமும் உடல் நாட்டம் எழாத இயல்பு. சிலரிடம் அறவே எழாது, சிலரிடம் அரிதாக எழும். அவர்களிடம் அன்பு இல்லையா? உண்டு. நட்பு? உண்டு. சிலரிடம் காதலும் உண்டு. துணையோடு வாழும் ஆசையும் உண்டு. இல்லாதது உடல் வேட்கை ஒன்றே!

"ஓகோ, துறவிகள்!" என்று கை கூப்பக் காத்திருக்கிறார் வைதீகர். வேண்டாம், ஐயா! துறவி வேட்கையை அடக்குகிறார். இவர்களுக்கோ அடக்குவதற்கு வேட்கையே இல்லை. காந்தியார் 1906-இல் பிரம்மச்சரிய விரதம் பூண்டார். விரதம் தேவைப்பட்டது என்பதே, வெல்ல வேண்டிய ஒன்று உள்ளே இருந்தது என்பதற்குச் சான்று. ஆகவே இவர்களைப் புனிதர் என்று பீடத்தில் ஏற்றவும் வேண்டாம். பிணியாளர் என்று படுக்கையில் கிடத்தவும் வேண்டாம்.

"மேனாட்டுச் சரக்கு" என்பார் இன்னொருவர். சொல் புதிது, மனிதர் புதியவர் அல்லர். அமெரிக்க ஆய்வாளர் கின்சி 1948-இல் மாந்தரின் பால் நாட்டத்தை ஏழு படிகளாக வகுத்தபோது, எப்படியிலும் அடங்காதவர்களுக்கென்று தனியே ஓர் எழுத்தை ஒதுக்க நேர்ந்தது. 2004-இல் அந்தோணி போகார்ட் என்னும் அறிஞர், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுக்கப்பட்ட கணக்கை ஆராய்ந்தார். நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர், எவரிடமும் ஈர்ப்பு எழுந்ததே இல்லை என்று கூறியிருந்தனர். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்க் கையேடு, தம்மைப் பாலீர்ப்பற்றவர் என்று உணர்ந்தவரின் வாழ்நாள் இயல்பை நோய்க் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. இருந்த நாட்டம் திடீரெனக் குன்றி, அதனால் ஒருவர் துன்புற்றால், அவர் மருத்துவரை நாடுவது முறை. குறையென்று அவரே உணராத இயல்புக்கு மருந்து எதற்கு?

மருந்து விற்க மட்டும் எத்தனை பேர்! 'ஆண்மைக் குறைவா? அணுகுக!' என்று சுவர்தோறும் எழுத்து. நள்ளிரவுத் தொலைக்காட்சியில் லேகிய விளம்பரம். பால் இன்ப ஆற்றலைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே நடுவண் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் தூங்குகிறது. லேகியம் வீட்டுக்குள் நுழைகிறது! மறுபுறம் சோதிடர், "செவ்வாய் தோஷம், பரிகாரம் செய்க" என்கிறார். குடும்பம் திருமணஞ்சேரிக்குப் பேருந்து ஏறுகிறது. பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளையிடமே கேட்கத் தோன்றுகிறதா? இல்லை! "கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" — இந்த ஒரு வாக்கியம் பாழாக்கிய வாழ்வுகள் எத்தனை!

சரியாகாவிட்டால்? அப்போதுதான் சட்டத்தின் கை நீள்கிறது. பிரிந்துபோன துணையைச் சேர்ந்து வாழக் கட்டளையிடுமாறு கேட்க, 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்பிரிவு செல்லாது என்று 1983-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செல்லும் என்று 1984-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. உடல் இயலாமையோ தக்க காரணமோ இன்றி, நெடுங்காலம் உடலுறவை மறுப்பதென ஒருவர் தாமே முடிவு செய்வது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007-இல் அதே நீதிமன்றம் கூறிற்று. 2024 சூலையில் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமோ, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியை அவள் இசைவின்றிக் கணவன் புணர்வதை வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! தன் இயல்புக்குப் பெயர் உண்டென்பதே அறியாத ஒரு பெண், "எல்லாருக்கும் போலத்தான் எனக்கும்" என்று நம்பிக் கழுத்தை நீட்டுகிறாள். பிறகு அவள் மறுத்தால் கொடுமைக்காரி. மறுக்காவிட்டால் ஒவ்வோர் இரவும் சிறை. ஆணின் நிலை வேறு விதமான அவலம்: "ஆம்பிளைதானா?" என்னும் ஏளனம் அவனை அணு அணுவாய் அரிக்கிறது. மறுபக்கம், இல்லற இன்பத்தை எதிர்நோக்கி வந்த துணையும் ஏமாற்றத்தில் வாடுகிறது. குற்றவாளி யார்? இருவரும் அல்லர், இருவரையும் பேசவிடாமல் தாலியைக் கட்டவைத்த ஊர்தான் குற்றவாளி! அதனால்தான் சொல்கிறோம்: இந்தச் சொல் தாலிக்கு முன்னே வரவேண்டும். பின்னே வந்தால், அது வழக்கறிஞர் அறையில்தான் கேட்கும்.

இதைச் சொல்ல நமக்கு இல்லாத உரிமை வேறு எவருக்கு உண்டு? திருமணம் தெய்வத்தின் முடிச்சன்று, மனிதரின் ஒப்பந்தம் என்று முழங்கியது நம் இயக்கம். புரோகிதர் இல்லாத அந்தச் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணாவின் அரசு சட்ட ஏற்பு அளித்தது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கற்பையும் கல்யாணத்தையும் கூண்டிலேற்றி விசாரித்தார் பெரியார். பிள்ளைப்பேற்றை மறுக்கும் உரிமை பெண்ணுக்கு வேண்டும் என்று அவர் கருத்தடையை ஆதரித்தபோதும், "இயற்கைக்கு விரோதம்" என்றே கூவினர். இன்று அதே கூச்சலை நம்மவர் வாயிலிருந்து கேட்பது வேதனை! ஒப்பந்தம் என்றால் ஒப்பவும் உரிமை வேண்டும். ஒப்பாதிருக்கவும் உரிமை வேண்டும். 'யாரை மணப்பது' என்னும் உரிமையைக் கேட்டோம். 'மணக்காமலே இருப்பது' என்னும் உரிமையையும் கேட்போம்.

பால், பாலின வேறுபாடு கொண்டோரை மதிப்புடன் நடத்துமாறு 2021 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் வழிகாட்டியது. அவர்களைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் அரசிதழிலேயே வெளியிட்டது. அரசு பேசிவிட்டது, நம் படிப்பகங்கள் வாய் திறக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிதன்று. மாணவர் வட்டந்தோறும் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். எவரையும் எழுந்து நின்று தன்னை அறிவிக்கச் சொல்லாதீர்கள். சொல்லைக் கொடுங்கள், எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். மணம் பேசும் வீடுகளில், சாதகத்தைக் கேட்கும் முன் பிள்ளையைத் தனியே அழைத்து "உனக்கு விருப்பமா?" என்று கேட்கச் செய்யுங்கள். "இல்லை" என்ற விடை வந்தால் அதை ஏற்கும் துணிவையும் பெற்றோருக்குக் கற்றுக்கொடுங்கள். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை மண்டபங்களில் அடுத்த முகூர்த்தத்துக்கு விளக்கு ஏற்றுவதற்குள், நம் பணி தொடங்கட்டும்!