ராட்டினமும் முட்டுக்கட்டையும்

ராட்டினத்தைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கவிதைகளுக்குப் போய்விடலாம். அங்கேயும் பல இடங்களில் ராட்டினம்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

விவகாரம் இது. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டதிலிருந்து, சென்னையைச் சுற்றியுள்ள பழைய கேளிக்கைப் பூங்காக்களின் கதி என்ன என்ற பேச்சு நம் நண்பர்களிடையே சூடு பிடித்திருக்கிறது. ஒரு சாரார், பழைய ராட்டினங்களைப் பெயிண்ட் உதிர்ந்த குதிரைகளோடும் கிறீச்சிடும் அச்சுகளோடும் அப்படியே காப்பாற்ற வேண்டும், அவை ஒரு தலைமுறையின் பால்ய ஞாபகம் என்கிறார்கள். இன்னொரு சாரார், ஞாபகத்தை வைத்துக்கொண்டு நட்டு போல்ட்டைத் திருக முடியாது, எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுத் திரையும் கம்ப்யூட்டரும் உள்ள புதிய யந்திரங்களை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நான் மதிக்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஆகவேதான் சற்று உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு கட்சிக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. எல்லோரும் ராட்டினத்தில் ஏறியவர்கள். ஒருவர்கூட அதைச் சுற்றியவர் இல்லை.

முதலில் காப்பாற்றுகிறவர்களைப் பார்ப்போம். அவர்களுடைய கற்பனையில் உள்ள ஆதி ராட்டினம் திருவிழாவில் வரும் மரத் தொட்டில் ராட்டினம். நாலு தொட்டில், ஒரு அச்சு, தள்ளிவிட ஒரு ஆள். எங்கள் கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கிராமங்களில் ஆடி மாதத்தில் இது இன்னும் வருகிறது. கொஞ்சம் பெரிய ராட்டினமாக இருந்தால், மோட்டார் இல்லாத இடத்தில், பையன்கள் ஆரக்கால்களில் தொற்றி ஏறித் தங்கள் உடம்பின் எடையையே விசையாக்கிச் சக்கரத்தைக் கீழே இழுப்பார்கள். ஏறி உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஆனந்தம். ஆரக்காலில் தொங்குகிறவனுக்கு அது கூலி. கால் தவறினால் அவனைத் தாங்க ஒன்றும் இல்லை. இதை மோட்டாராக மாற்றினால் ஏதோ ஆத்மா போய்விடும் என்று ஒருவர் உருகினால், எவருடைய ஆத்மா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. பிறத்தியான் முதுகெலும்பின்மேல் கட்டப்பட்ட பால்ய ஞாபகத்தை நான் கலாசாரச் செல்வம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னும் அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. ‘அப்படியே’ காப்பாற்றுவது என்றால் என்ன? வியன்னாவில் 1897-ல் கட்டப்பட்ட ராட்சத ராட்டினம் 1944-ல் யுத்தத்தில் எரிந்தது. 1947-ல் மறுபடி சுற்ற ஆரம்பித்தபோது, முப்பது பெட்டிகளுக்குப் பதில் பதினைந்துதான் மாட்டினார்கள். சட்டத்தின் பலத்தைப் பார்த்துப் பாரத்தைப் பாதியாக்கினார்கள். வியன்னாக்காரன் எவனும் அதைப் போலி என்று சொல்லவில்லை. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927-ல் கட்டிய ‘சைக்ளோன்’ என்ற மர ரோலர் கோஸ்டரை 1988-ல் அந்த நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் மரமும் தண்டவாளமும் தேயத் தேய மாற்றப்பட்டுக்கொண்டேதான் வருகின்றன. இவ்வளவு தூரம் போவானேன்? திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் எரிந்து போயிற்று. இன்று நாம் பார்ப்பது பிறகு கட்டியது. அதிலும் பல வருஷம் ஓடாமல் நின்றிருந்து 1970-ல் திரும்ப ஓடிற்று. அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் தொழிற்சாலை. ஆழித்தேர் ஆழித்தேராகத்தான் இருக்கிறது. வடம் இருக்கிறது, வீதி இருக்கிறது, திரும்பும் முனையில் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் இருக்கிறார்கள். மரத்தை மாற்றியதால் தேர் போகவில்லை. மாற்றாமல் இருந்திருந்தால்தான் போயிருக்கும்.

ஆகவே, பழசை அப்படியே வை என்பது பாதுகாப்பு அல்ல. அது சோம்பேறித்தனத்துக்குச் சூட்டிய பக்திப் பெயர்.

இதைக் கேட்டதும் நவீனக் கட்சி நண்பர்கள் மகிழ்ந்து போக வேண்டாம். அவர்களிடம் எனக்குள்ள தகராறு இன்னும் பெரிது. புதிது என்றால் பத்திரம், பழசு என்றால் ஆபத்து என்பது அவர்களுடைய மூலமந்திரம். வாஸ்தவம் அப்படி இல்லை. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்துக் கிஷ்கிந்தாவில் ஊழியர் ஒருவர் இறந்தது ஒரு ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில். பொதுஜனம் ஏறுவதற்கு முன்னால் ஏறிப் பார்க்க வேண்டியவர் அவர். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்துப் பூங்காவில் ராட்டினம் ஒன்று உயரத்தில் நின்றுபோயிற்று. ஏறியவர்கள், குழந்தைகள் உட்பட, மணிக்கணக்கில் அந்தரத்தில் இருந்தார்கள். தீயணைப்புத் துறையின் ராட்சத ஏணி வந்து இறக்கிற்று. யந்திரத்துக்கு வயது என்ன என்பதல்ல இங்கே கேள்வி. காலையில் அதை யார் பார்த்தான், என்ன பார்த்தான், சந்தேகம் வந்தால் ‘இன்றைக்கு ஓடாது’ என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இருந்ததா என்பதுதான் கேள்வி. புதிய யந்திரம் இந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. அது கேள்வியைப் பத்து வருஷம் ஒத்திப்போடுகிறது, அவ்வளவுதான்.

நவீனம் என்று இவர்கள் சொல்வதன் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். இள்ளலூரில் ‘தஞ்சோரா’ என்று ஒரு தலைகீழ் ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறது. இரும்பு ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியுடையது, நல்ல இரும்பு. அதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் அதற்கு ஏன் தஞ்சாவூரின் சாயலில் பெயர்? பழைய பூங்காவைப் புதுப்பிக்கச் சொல்கிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்: உள்ளே திரை, கண்ணில் மாட்டும் கருவி, வெளியே கோபுரமும் யாளியும். அதாவது, அனுபவத்தைத் திரைக்குக் கொடுத்துவிட்டு மரபை பெயிண்டில் வைத்துக்கொள்வது. உயரத்துக்குப் பதிலாக உயரத்தின் படம். கிஷ்கிந்தாவைக் கட்டிய நவோதயா அப்பச்சன் 1984-ல் ‘மைடியர் குட்டிச்சாத்தான்’ எடுத்து இந்தியாவுக்கு முப்பரிமாண சினிமாவைக் கொண்டுவந்தவர். திரையின் சக்தி அவருக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்டவரும் 1995-ல் ஒரு பூங்காவைக் கட்டி ஜனங்களை நிஜக் காற்றில்தான் சுற்றவிட்டார். ராட்டினத்தின் உச்சியில் ஒரு கணம் நின்று, வயிறு கீழே இறங்கி, தூரத்தில் கடலோ ஏரியோ தெரிவது, படம் காட்டி வரவழைக்கிற அனுபவம் அல்ல. அங்கே பயப்படுவது கண் அல்ல, உடம்பு.

பிறகு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். நீலகிரி ரயிலைப் பாருங்கள் என்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும் போய்ச் சேர்ந்த 46 கிலோமீட்டர் பாதை. மலைச் சரிவில் பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற வேண்டும். அதற்காக நடுவே பல் வைத்த தண்டவாளம், இஞ்சினுக்கு அடியில் பல்சக்கரம். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இந்த ரயிலில் மாறாமல் இருந்தது என்ன? கரியில் ஓடிய இஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. ஸ்விஸ் இஞ்சின்கள் கிழடு தட்டிய பின் அதே வகையில் புதிய இஞ்சின்கள் திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டன. குன்னூருக்கு மேல் டீசல் இழுக்கிறது. ஆனால் பல் போகவில்லை. இஞ்சின் கீழிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிற முறை போகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு நிற்கிற பிரேக்காரர் போகவில்லை.

அந்த ஆளைப் பாருங்கள். இந்த விவாதத்தில் ஒருவருடைய கண்ணிலும் படாதவர் அவர்தான். மெல்போர்ன் லூனா பார்க்கில் 1912-லிருந்து ஓடும் மர ரயிலிலும், கோபன்ஹேகன் டிவோலியில் 1914-லிருந்து ஓடுவதிலும் இதே மாதிரி ஒரு மனிதர் வண்டியோடு கூடப் போய்க் கையால் பிரேக் பிடிக்கிறார். நம் தேரில் முட்டுக்கட்டை போடுகிறவர் செய்வதும் இதுதான். அத்தனை பேரும் முன்னே இழுக்கும்போது, சக்கரத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் குனிந்து, எங்கே எவ்வளவு தடுப்பது என்று தீர்மானிக்கிறவர். நம் பாஷை அவர் தொழிலையே வசவாக்கி வைத்திருக்கிறது: காரியத்தைக் கெடுக்கிறவனை ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்கிறோம். வேகத்தை மட்டும் மதிக்கிற மனோபாவத்தின் பழைய அத்தாட்சி இது.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர்க் களிமேட்டில், அப்பர் சதய விழாவில், சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். விழா பழையது, கம்பி புதியது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளப்பது யாருடைய வேலை? மரபைக் கொண்டாடுகிற கட்டுரைகளில் இந்தக் கேள்வி இல்லை. நவீனத்தைக் கொண்டாடுகிற கட்டுரைகளிலும் இல்லை.

ஆகவே என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ராட்டினத்தில் பாரம் தாங்குகிற எதையும், அச்சு, பேரிங், வெல்டிங், கம்பி, பூட்டு, எல்லாவற்றையும், கண்ணீர் விடாமல் மாற்ற வேண்டும். அது ஏறுகிறவனின் உடம்புக்குத் தருகிற எதையும், உயரம், காற்று, திறந்த இருக்கை, உச்சியில் வரும் அந்த நிறுத்தம், கண்ணுக்குத் தெரிகிற சக்கரம், இவற்றைத் திரைக்காக விற்கக் கூடாது. இரண்டும் மோதினால் பாரம் தாங்குகிற பக்கம்தான் ஜெயிக்க வேண்டும். அப்படியும் பத்திரமாக்க முடியாத யந்திரம் என்றால் நிறுத்திவிட வேண்டும். நெம்புகோலின் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும், முதலாளியைக் கேட்காமல் ஓட்டத்தை நிறுத்துகிற உரிமையும் வேண்டும். மூன்று மாத ஒப்பந்தத்தில் வந்து நிற்கிற பையனிடம் ஐம்பது உயிரைக் கொடுத்துவிட்டு, குதிரைக்கு எந்த நிறம் அடிப்பது என்று நாம் சர்ச்சை செய்வது அசிங்கம்.

இதற்குப் பணம் ஆகும், பழைய பூங்காக்களால் தாங்காது என்பார்கள். சரி, பணத்தைப் பற்றியே பேசுவோம். இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று பெயர் பெற்ற டில்லி அப்பு கர் 1984-ல் திறந்து 2008-ல் மூடப்பட்டது. ராட்டினம் கிழடாகிவிட்டது என்பதாலா? இல்லை. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் வேண்டியிருந்தது. புதுப்பிப்பதா, காப்பாற்றுவதா என்று ரசிகர்கள் வாதாடி முடிப்பதற்குள் நிலத்தின் விலை தீர்ப்புச் சொல்லிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று ஒரு கிரவுண்டு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தேர்வாய் கண்டிகையில் இருக்கிற எனக்கு இந்த வாதத்தின் இரட்டை வார்த்தைகள் நன்றாகப் பரிச்சயம். எங்கள் மேய்ச்சல் நிலமும் காட்டு நிலமும், ஆயிரம் ஏக்கருக்கு மேல், சிப்காட்டுக்குப் போனபோதும் இப்படித்தான் கேட்டார்கள்: வளர்ச்சியா, பாதுகாப்பா? பத்திரிகைகளில் இரு தரப்பும் அழகாக எழுதின. மாடு மேய்த்தவர்கள் கேட்டது மூன்றாவது விஷயம்: யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? பிரெஞ்சு டயர்த் தொழிற்சாலை பற்றிய புகார் 2012-ல் பிரான்ஸ் வரைக்கும் போயிற்று. தொழிற்சாலை எழும்பிற்று. 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறந்தாயிற்று. அரை டி.எம்.சி. தண்ணீர், சென்னையின் குடிநீருக்கு. நான் அந்தத் தண்ணீருக்கு விரோதி அல்ல. டயருக்கும் விரோதி அல்ல. ஆனால் ஒரு இடத்தை அல்லது ஒரு யந்திரத்தைத் தினமும் கையால் தொடுகிறவனை வெளியே நிறுத்திவிட்டு, தொடாதவர்கள் இருவர் ‘பழசு’, ‘புதுசு’ என்று பாகம் பிரிப்பதை இனியும் சிந்தனை என்று என்னால் அழைக்க முடியாது.

நம் வீட்டுக் கதையும் இதுதான். 1959-ல் ‘எழுத்து’ வந்தது முதல் யாப்பா, புதுக்கவிதையா என்று சண்டை போட்டோம். யாப்பைக் காத்தவர்களில் பலர் தேய்ந்த சீர்களை மாற்ற மறுத்தார்கள். யாப்பை விட்டவர்களில் பலர் புதிய தகரத்துக்குப் புராணப் பெயிண்ட் அடித்தார்கள். வரி எதைத் தாங்குகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று தடவிப் பார்த்தவர்கள் இரண்டு பக்கத்திலும் சிலர்தான். நின்றது அவர்களுடைய கவிதைதான்.

அடுத்த முறை குழந்தையைக் கூட்டிக்கொண்டு எந்தப் பூங்காவுக்குப் போனாலும், டிக்கெட் வாங்குமுன் நெம்புகோல் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இன்று காலை யார் சோதித்தது? வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்த உங்களால் முடியுமா? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அதன் பிறகு காப்பாற்றுவதா, புதுப்பிப்பதா என்று பேசலாம்.